சாயம் போடுமுன் நூலைத் தெரிந்துகொள்வோம்

(ஹட்டன் பகுதித் தோட்டமொன்றில் தாய்மாருக்காக நடைபெற்ற ஞாயிறு வகுப்பில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. வாசகர்களின் வசதி கருதி இங்கே எழுத்தில் தரப்படுகிறது.)



ஞாயிற்றுக்கிழமை என்பது உங்களுக்கு ஓய்வு நாள் அல்ல என்பதை நாங்கள் அறிவோம். விறகு இருக்கிறது, பீலியில் ஒரு வாரத்து உடுப்பு இருக்கிறது, டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கி வர வேண்டியிருக்கிறது. அத்தனையையும் ஒதுக்கிவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே வெறும் பேச்சாக இல்லாமல், நாளைக்கே உங்கள் கைக்கும் கைக்காசுக்கும் உதவுகிற விஷயத்தையே இன்று சொல்லப் போகிறோம். பின்னல் வேலைக்கு நூல் வாங்குவது எப்படி, அந்த நூலுக்கு வீட்டிலேயே சாயம் போடுவது எப்படி என்பதே விஷயம்.

கம்பளி என்பது மலைநாட்டில் வெறும் துணியின் பெயர் அல்ல. நம் பாட்டி, பூட்டி காலத்தில் மழைக்கும் பனிக்கும் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்தெடுத்ததும் கம்பளிதான். இரவில் பிள்ளையைச் சுற்றிப் படுக்க வைத்ததும் அதே கம்பளிதான். அந்தக் கம்பளியையும் அரிசியையும் தோட்டத்தில் முற்பணமாகக் கொடுத்து, பிறகு சம்பளத்தில் பிடித்தார்கள். கடனைத் துண்டில் எழுதி ஆளைத் தோட்டம் விட்டுத் தோட்டம் அனுப்பிய துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அன்றைக்குக் கம்பளி போர்த்தியவர் ஒருவர், கணக்கு எழுதியவர் இன்னொருவர். இன்றைக்கு நம் பெண்கள் தாங்களே நூல் வாங்கித் தாங்களே பின்னுகிறார்கள். ஆகவே கணக்கும் நம் கையிலேயே இருக்க வேண்டும். இன்றைய பேச்சின் சாரம் இதுதான்.

எங்களுக்கு வந்த பாடம்

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன் ஒரு டிவிஷனில் பன்னிரண்டு தாய்மார் சேர்ந்து சிறு சீட்டுப் போட்டார்கள். சேர்ந்த காசில் நூல் வாங்கி, பிள்ளைகளுக்குத் தொப்பியும் காலுறையும் பின்னுவது என்று தீர்மானம். டவுனில் ஒரு கடையில் வெள்ளை நூல் மலிவாகக் கிடைத்தது. "வூல்தான், நல்ல வூல்" என்றார் கடைக்காரர். நாங்களும் தொட்டுப் பார்த்தோம். மெத்தென்று இருந்தது. மூட்டையாக வாங்கி வந்தோம்.

வெங்காயத் தோலில் பாதி, தேயிலைச் சக்கையில் பாதி என்று சாயம் போட்டோம். பானையிலிருந்து எடுக்கும்போது பொன்னிறமாக இருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். பீலியில் அலசினோம். முதல் அலசலில் தண்ணீர் மஞ்சளாகப் போனது. மூன்றாவது அலசலில் நூல் பழையபடி வெள்ளையாகவும் இல்லை, பொன்னிறமாகவும் இல்லை. அழுக்குப் பிடித்த பழந்துணியைப் போல ஆகிவிட்டது. ஒரு தாய் அதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "மிஸ், சாயம் போனா போகட்டும். சீட்டுக் காசில்ல போயிருச்சு."

நாங்கள் பதில் பேசவில்லை. அந்த நூல் கம்பளியே அல்ல, அது அக்ரிலிக் என்பது பிறகுதான் தெரிய வந்தது. அக்ரிலிக்கில் வெங்காயத் தோலும் பிடிக்காது, தேயிலையும் பிடிக்காது. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் கடைத்தெருவில் பின்னல் நூல் எல்லாவற்றுக்கும் "வூல்" என்றுதான் பெயர். ஒரு இழையை எரித்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் உண்மை தெரிந்திருக்கும். அதைச் செய்யாதது எங்கள் பிழை. அந்தப் பிழையை நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காகவே இன்றைக்கு வந்திருக்கிறோம்.

நூல் எத்தனை வகை?

பின்னல் நூலைப் பெரும்பாலும் மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, செம்மறி ஆட்டின் உரோமத்தில் செய்த உண்மையான கம்பளி. நம் நாட்டில் கம்பளி நூலுக்கென்று ஆடு வளர்க்கும் தொழில் இல்லை. ஆகவே வருவது எல்லாம் வெளிநாட்டிலிருந்துதான். அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கம்பளிக்குப் பேர்போன நாடுகள். இரண்டாவது பருத்தி நூல். மூன்றாவது, இரசாயன முறையில் செய்யப்படும் அக்ரிலிக். இந்தியாவில் பஞ்சாப் மாநிலத்து லூதியானா நகரம் சுவெட்டருக்கும் பின்னல் நூலுக்கும் பெயர்பெற்றது. அங்கே கம்பளியும் உண்டு, அக்ரிலிக்கும் உண்டு, இரண்டும் கலந்ததும் உண்டு. எனவே "இந்தியாவிலிருந்து வந்த சரக்கு" என்று ஒருவர் சொன்னால் அதில் நமக்கு வேண்டிய பதில் இல்லை.

அக்ரிலிக் கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. மலிவு, இலேசு, துவைப்பது சுலபம், பூச்சி அரிக்காது. கடையில் ஏற்கனவே நிறம் போட்டு வருவதை வாங்கினால் அந்த நிறமும் நிற்கும். ஆனால் வெள்ளை அக்ரிலிக்கை வாங்கி வீட்டில் சாயம் போடும் வேலை வேண்டாம். இன்னொன்றும் இருக்கிறது. நெருப்புப் பட்டால் அக்ரிலிக் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நம் லயக் காம்பராவில் அடுப்பும் பிள்ளையும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. தவழும் பிள்ளைக்கு அக்ரிலிக் சுவெட்டர் போட்டு அடுப்பண்டை விடாதீர்கள். கம்பளி அவ்வளவு சீக்கிரம் தீப்பிடிக்காது.

ஒரு இழைச் சோதனை

கடையில் நூலை எடுத்தவுடன் முதலில் லேபலைப் பாருங்கள். நூலின் வகையும் வீதமும் அதில் எழுதியிருக்கும். நூற்றுக்கு நூறு கம்பளியா, பாதிக்குப் பாதியா என்று தெரிந்துகொள்ளலாம். ஆங்கிலம் வாசிக்கச் சிரமமாக இருந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. லேபல் இல்லாத நூலாக இருந்தால் ஒரு கண்டு மட்டும் வாங்கி வந்து வீட்டில் சோதித்துப் பாருங்கள். திருப்தியானால் அடுத்த நாள் மீதியை வாங்கலாம்.

சோதனை இப்படி. விரல் நீளத்துக்கு ஒரு இழையை வெட்டி இடுக்கியால் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு சட்டியில் தண்ணீர் இருக்கட்டும். நெருப்புக்குச்சியால் இழையின் நுனியைப் பற்றவையுங்கள். கம்பளியானால் தலைமயிர் தீய்ந்த வாடை வரும். நெருப்பை எடுத்தவுடன் தானாகவே அணையும். கரி விரலில் நசுக்கினால் பொடியாகும். பருத்தியானால் கடதாசி எரிந்த வாடை வரும், சாம்பல் மெதுவாக இருக்கும். அக்ரிலிக்கானால் சட்டென்று எரிந்து உருகும், சொட்டும். ஆறின பிறகு நுனியில் கறுப்பு மணி போலக் கெட்டியாக நிற்கும். அதை நசுக்க முடியாது. வாடையும் கெடுதியான வாடை. கலப்பு நூலில் மயிர் வாடையும் வரும், மணியும் நிற்கும்.

இதைக் காம்பராவுக்குள் செய்ய வேண்டாம். திரைச்சீலைக்குப் பக்கத்திலோ, மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்திலோ செய்ய வேண்டாம். ஒரு காம்பராவில் பற்றிய தீ ஒரு லயத்தையே கொண்டுபோன கதைகள் நமக்குத் தெரியாதவை அல்ல. கோடிப்பக்கம் வெறும் மண்ணில், காற்று இல்லாத நேரத்தில், பெரியவர் ஒருவர் செய்தால் போதும்.

எவ்வளவு வாங்குவது?

அநேகர் பாதி வேலையில் நூல் தீர்ந்து மறுபடி கடைக்கு ஓடுகிறார்கள். கடையில் அதே நிறம் இருக்கும். ஆனால் கொண்டுவந்து பின்னினால் கையில் ஒரு நிறம், உடம்பில் ஒரு நிறம். காரணம் என்னவென்றால், தொழிற்சாலையிலும் நாம் சோறு வடிப்பது போலப் பானை பானையாகத்தான் சாயம் போடுகிறார்கள். ஒரு பானையின் நிறம் மறு பானைக்கு அச்சொட்டாக வராது. அதற்காகவே லேபலில் லொட் நம்பர் என்று ஒன்று அடித்திருக்கும். ஒரு உடுப்புக்கு வேண்டிய எல்லாக் கண்டிலும் அந்த நம்பர் ஒன்றாக இருக்க வேண்டும்.

நடுத்தரப் பருமனுள்ள நூலில் பிறந்த பிள்ளையின் தொப்பிக்கு 25 முதல் 30 கிராம் போதும். காலுறை ஒரு சோடிக்கும் ஏறக்குறைய அதே அளவு. கைக்குழந்தையின் சுவெட்டருக்கு 100 முதல் 150 கிராம் வரும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு 250 கிராம் வரையில் வேண்டும். பெரியவர்களுக்கு அரைக் கிலோ. உங்கள் கை இறுக்கமா தளர்ச்சியா என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும். எப்போதும் ஒரு கண்டு கூடுதலாக வாங்குங்கள். மிஞ்சினால் அதில் ஒரு காலுறை ஆகும். கண்டின் பருமனைப் பார்த்து ஏமாற வேண்டாம். தளர்வாகச் சுற்றினால் 40 கிராமும் 50 கிராம் போலத் தெரியும். எடையைப் பார்த்து வாங்குங்கள்.

நூல் வாங்குவதற்காகக் கடையில் பற்று எழுதுவதோ, கிழமைக் கடன் எடுப்பதோ வேண்டவே வேண்டாம். ஒரு தொப்பிக்குக் காசு இருந்தால் ஒரு தொப்பிதான்.

பழைய சுவெட்டரும் நல்ல நூல்தான்

உண்மையான கம்பளி நூல் விலை கூடியது. அதற்கு ஒரு வழி உண்டு. நுவரெலியா, ஹட்டன் பக்கங்களில் பழைய குளிருடுப்பு விற்கிறார்கள். அதில் கையால் பின்னிய கம்பளிச் சுவெட்டரோ, உறுப்பு உறுப்பாகப் பின்னித் தைத்த சுவெட்டரோ கிடைத்தால் பிரித்து நூலாக்கலாம்.

வாங்குமுன் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பாருங்கள். ஓரங்கள் ஒன்றோடொன்று கோத்துத் தைக்கப்பட்டிருந்தால் நல்லது. மெஷினில் வெட்டி ஓரம் அடித்திருந்தால் வாங்காதீர்கள். பிரித்தால் ஒவ்வொரு வரியும் துண்டு துண்டாகத்தான் வரும். துவைத்துத் துவைத்துச் சுருங்கி, பலகை போல ஆன சுவெட்டரும் பிரிக்க வராது.

பிரித்த நூல் கொத்துமல்லி முடி போலச் சுருண்டிருக்கும். பயப்படாதீர்கள். இரண்டு கையில் சுற்றிச் சிட்டமாக்குங்கள். இங்கேதான் பின்வாங்கு ஐயாமார்களுக்கு வேலை. சிட்டம் சுற்ற இரண்டு கையை நீட்டிக்கொண்டு அரை மணித்தியாலம் ஒருவர் உட்கார வேண்டும். அந்த அரை மணித்தியாலம் வீட்டுக்கார ஐயா உட்கார்ந்தால் குடும்பத்துக்குக் குறை ஒன்றும் வராது. (சிரிப்பு.) சிட்டத்தை நாலு இடத்தில் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் அந்த இடத்தில் சாயம் ஏறாது. கட்டாமல் விட்டால் பானைக்குள் சிக்கெடுக்கவே ஒரு நாள் போய்விடும். பிறகு இளஞ்சூட்டு நீரில் அலசித் தொங்கவிடுங்கள். அடியில் சிறு பாரம் கட்டினால் சுருள் நிமிர்ந்துவிடும்.

சாயம் போடும் முறை

இனிச் சாயத்துக்கு வருவோம். இனிச் சொல்வதெல்லாம் கம்பளி நூலுக்கு மட்டும் என்பதை மறக்க வேண்டாம்.

சாயத்துக்கென்று தனிப் பானை, தனிக் கரண்டி, தனி வாளி வையுங்கள். அந்தப் பானையில் மறுபடி சோறு ஆக்கக்கூடாது. மருந்தடித்த கேனையோ, மருந்து வந்த டின்னையோ எந்தக் காரணத்துக்கும் எடுக்கக்கூடாது. எத்தனை தடவை கழுவினாலும் கூடாது.

நூலின் எடையை முதலில் உலர்ந்த நிலையில் பாருங்கள். எல்லா அளவும் அந்த எடையை வைத்துத்தான். 100 கிராம் நூலுக்கு மூன்று அல்லது நாலு லீட்டர் தண்ணீர் வேண்டும். நூல் நெருக்குப்படாமல் மிதக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறம் திட்டுத்திட்டாக விழும். சாயத்தில் இறக்குமுன் அரை மணித்தியாலம் இளஞ்சூட்டு நீரில் ஊறப்போடுங்கள்.

முதல் வேலை படிகாரம். 100 கிராம் நூலுக்கு 10 கிராம் படிகாரத் தூள், அதாவது மட்டமாக இரண்டு தேக்கரண்டி. வெந்நீரில் கரைத்துப் பானைத் தண்ணீரில் ஊற்றி, ஊறின நூலை இறக்கி, மெல்லிய தீயில் மெதுவாகச் சூடேற்றுங்கள். ஓரத்தில் சிறு குமிழி வரும் நிலையில் ஒரு மணித்தியாலம் வைத்திருங்கள். தளதளவென்று கொதிக்க விடக்கூடாது. அப்படியே ஆறவிடுங்கள். படிகாரம்தான் நூலுக்கும் நிறத்துக்கும் நடுவில் நின்று இரண்டையும் பிடித்துவைக்கிறது.

வெங்காயத் தோல்: நூலின் எடைக்குச் சம எடை உலர்ந்த தோல். 100 கிராம் தோல் என்றால் பெரிய பை நிறைய வரும். ஒரு வீட்டில் சேர மாதக்கணக்காகும். கோயில் திருவிழா, கல்யாண வீட்டுச் சமையலில் கேட்டு வாங்கினால் ஒரே நாளில் சேரும். அரை மணித்தியாலம் கொதிக்கவைத்து வடிகட்டி, ஆறினபின் படிகாரம் போட்ட நூலை இறக்கி, முன்போலவே மெல்லச் சூடேற்றுங்கள். பொன் மஞ்சள் தொடக்கம் செம்மஞ்சள் வரை வரும்.

தேயிலை: நாம் கொழுந்தெடுக்கும் இந்த இலையிலேயே சாயம் இருக்கிறது. துவர்ப்புச் சத்துத்தான் நிறத்தைத் தருகிறது, நூலைப் பிடிக்கவும் அதுவே உதவுகிறது. வீட்டில் தேத்தண்ணீர் ஊற்றி முடிந்த சக்கையை வெயிலில் காயவைத்துச் சேருங்கள். நாங்கள் நூலின் எடையைப் போல் இரண்டு பங்கு காய்ந்த சக்கை போடுகிறோம். கொதிக்கவைத்து வடிகட்டி, நூலை இறக்கி முக்கால் மணித்தியாலம் சூட்டில் வைத்து, இரவு முழுவதும் அதிலேயே விடுகிறோம். இளம் பழுப்பு நிறம் வரும். பிள்ளைத் தொப்பிக்கு அழகான நிறம். ஒரு எச்சரிக்கை. தொழிற்சாலைக் கழிவுத் தேயிலை இலவசந்தானே என்று எடுத்து வராதீர்கள். கழிவுத் தேயிலையை அனுமதிப்பத்திரம் இல்லாமல் கையாள்வதற்குச் சட்டத்தில் இடமில்லை. ஒரு தொப்பிக்காக வேலையை இழக்க வேண்டாம். வீட்டுச் சக்கையே போதும்.

துருப்பிடித்த ஆணியை வினாகிரியில் ஊறவைத்த தண்ணீர் ஒரு கரண்டி ஊற்றினால் தேயிலைப் பழுப்பு சாம்பல் நிறமாக மாறும். ஆசைப்பட்டுக் கூடுதலாக ஊற்றினால் நூல் நைந்துபோகும். பீலிக் குழாய் துருப்பிடித்திருந்தாலும் நிறம் மங்கும். அப்படியான இடத்தில் மழைத் தண்ணீர் பிடித்துப் போடுவது நல்லது.

மஞ்சள்: நல்ல நிறம் கொடுக்கும், ஆனால் வெயிலில் நிற்காது. இறக்குமதி நின்று 2020இல் மஞ்சள் விலை ஏறியதை நாம் மறந்திருக்க மாட்டோம். கறிக்கே சிக்கனம் பார்க்கும் பொருளை, ஒரு மாதத்தில் வெளுக்கும் நிறத்துக்காகச் செலவழிக்க வேண்டாம்.

சிவப்பு, நீலம், பச்சை வேண்டுமானால் பக்கட் சாயம் வாங்கலாம். கம்பளி, பட்டு, நைலோன் என்று உறையில் எழுதியிருக்க வேண்டும். 100 கிராம் நூலுக்கு ஒரு கிராம் தூள் நடுத்தர நிறம் தரும். இதற்குப் படிகாரம் தேவையில்லை. வினாகிரி அரைக் கோப்பை போதும். நிறம் நூலில் ஏற ஏறப் பானைத் தண்ணீர் தெளிந்துகொண்டே வரும். தண்ணீர் தெளிந்துவிட்டால் வேலை முடிந்தது. கேக்குக்குப் போடும் கலரும் வினாகிரியோடு கம்பளியில் பிடிக்கும். கற்றுக்கொள்பவர்கள் அதிலே தொடங்கலாம். பருத்திக்கென்று வரும் சாயத்தைச் சலவைச் சோடாவுடன் கம்பளிக்குப் போடாதீர்கள். சோடா கம்பளியைக் கெடுத்துவிடும்.

பாய்க்கும் பன்னுக்கும் போடும் பெயரில்லாத பொட்டலச் சாயத்தைப் பிள்ளை உடுப்புக்குப் பாவிக்கவே கூடாது. அசோ என்ற வகையைச் சேர்ந்த சில சாயங்கள் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய பொருட்களை வெளிவிடும் என்பதால், தோலில் படும் துணிகளில் அவற்றை ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் தடைசெய்தது. உறையில் பெயரும் பாவிக்கும் முறையும் இல்லாத தூளில் என்ன இருக்கிறது என்று கடைக்காரருக்கும் தெரியாது. பிள்ளை தொப்பியின் கயிற்றை வாயில் வைக்கும் என்பது தாய்க்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. சூடான நூலைக் குளிர்ந்த பீலித் தண்ணீரில் போடாதீர்கள், கசக்கிப் பிழியாதீர்கள். திடீர் சூடும் குளிரும் கசக்கலும் சேர்ந்தால் கம்பளி சுருங்கிக் கட்டியாகிவிடும். பானையிலேயே ஆறவிட்டு அலசி, துவாயில் சுற்றி அமுக்கி, நிழலில் காயப்போடுங்கள்.

தண்ணீரும் பிள்ளைகளும்

சாயத் தண்ணீரைப் பீலியிலோ கானிலோ ஊற்றாதீர்கள். மேல் லயத்துக் கழிவுத் தண்ணீர் கீழ் லயத்துக் குடிதண்ணீராகப் போகும் இடங்கள் நம் தோட்டங்களில் உண்டு. ஊற்றுக்கும் ஓடைக்கும் தூரத்தில் ஒரு சிறு குழி வெட்டி அதில் ஊற்றுங்கள். வெங்காயத் தோலும் தேயிலைச் சக்கையும் மரக்கறித் தோட்டத்துக்கு உரமாகும்.

படிகாரம், வினாகிரி, சாயத்தூள் எல்லாம் உயரத்தில், மூடியோடு இருக்கட்டும். குளிர்பானப் போத்தலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். கலர்த் தண்ணீரைக் கண்டால் பிள்ளை குடிக்கத்தான் பார்க்கும். அடுப்பில் சாயப்பானை இருக்கும்போது சின்னப் பிள்ளைகளைப் பிள்ளை மடுவத்திலோ பாட்டியிடமோ விட்டுவிடுங்கள். தூளை அளக்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

யாருக்காகப் பின்னுகிறோம்?

ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர். தை, மாசி மாதங்களில் நுவரெலியாப் பக்கம் விடியற்காலைப் பனியில் தேயிலைக் கொழுந்தே கருகிப்போகும். அந்தக் குளிரில்தான் நம் பிள்ளைகளும் பிறக்கின்றன. எடை குறைந்து, அதாவது இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் பிள்ளைகள் தோட்டப் பகுதியில் மற்ற இடங்களைவிட அதிகம் என்று அரசாங்கக் கணக்கெடுப்புகள் காட்டி வருகின்றன. சின்னப் பிள்ளைக்கு உடம்புச் சூடு தலை வழியாக நிறைய வெளியேறும். ஆகவே ஒரு தொப்பியும் ஒரு சோடிக் காலுறையும் அலங்காரம் அல்ல. அவை மருத்துவமாது சொல்லும் பாதுகாப்பில் ஒரு பகுதி.

ஆகவே முதல் தொப்பி வீட்டுப் பிள்ளைக்கு. கை தேறின பிறகு விற்பதைப் பற்றி யோசிக்கலாம். மார்கழிப் பௌர்ணமி தொடக்கம் வைகாசி வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குப் பருவகாலம். ஹட்டன் வழியாக மஸ்கெலியா, நல்லதண்ணிக்கு வரும் யாத்திரிகர்கள் இரவில் 2,243 மீற்றர் உயரமான உச்சிக்கு ஏறுகிறார்கள். வெக்கை ஊரிலிருந்து வரும் அவர்கள் வழியில் தொப்பியும் மப்ளரும் தேடி வாங்குவதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். ஏப்ரலில் நுவரெலியாவிலும் வசந்தகாலக் கூட்டம் சேரும்.

விற்பதானால் கணக்கு எழுதுங்கள். ஒரு கொப்பியில் நூலின் எடையும் விலையும், சாயம், விறகு, பஸ் காசு, பின்னின மணித்தியாலம் என்று ஐந்து வரி போதும். 2022இல் ஒரு கிழமைக்கு ஒரு விலை என்று சாமான் ஏறியதைப் பார்த்தோம். போன வருடத்து நூல் விலையை வைத்து இந்த வருடத் தொப்பிக்கு விலை சொன்னால் நம் உழைப்பு சும்மா போகும். மணித்தியாலத்தை எழுதாமல் விடுகிறவர்கள்தான் அநேகர். அந்த வரிதான் நம் கூலி.

விற்குமுன் ஒரு சோதனை. வெள்ளைத் துணியை நனைத்து, பின்னிய தொப்பியில் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் ஒட்டினால் விற்காதீர்கள். பிள்ளைக்கும் போடாதீர்கள். இன்னும் அலசுங்கள். ஒரு யாத்திரிகரின் கழுத்தில் நம் சாயம் ஒட்டினால், அடுத்த வருடம் அவர் கடைத் தொப்பியைத்தான் தேடுவார்.

முடிவாக

சீட்டுக் காசு போன அந்தத் தாயைப் பற்றிச் சொன்னோம். கெட்டுப்போன அந்த நூலை அவர் வீசவில்லை. அதில் அடுப்படிக்குக் கைப்பிடித் துணி பின்னுவதாகச் சொன்னார். "உருகிக் கையில் ஒட்டும், அதற்கு மட்டும் வேண்டாம்" என்று தடுத்தோம். வாசலுக்கு மிதியடியாகப் பின்னினார். இரண்டு வருடம் உழைத்தது.

மறுமுறை அந்தக் குழு நூல் வாங்கப் போனபோது நாங்கள் போகவில்லை. அவர்களே போனார்கள். கடை வாசலில் நின்று, இடுக்கியும் நெருப்புக்குச்சியும் எடுத்து ஒரு இழையைப் பற்றவைத்திருக்கிறார்கள். கடைக்காரர் முதலில் கோபப்பட்டாராம். பிறகு, "அப்ப இதைப் பாருங்கம்மா" என்று உள்ளேயிருந்து வேறு கண்டு எடுத்துக் கொடுத்தாராம். மயிர் தீய்ந்த வாடை வந்திருக்கிறது. ஆறு கண்டு வாங்கி வந்து தேயிலைச் சக்கையில் சாயம் போட்டார்கள். அந்தத் தொப்பிகளில் ஒன்று இப்போது மூன்றாவது பிள்ளையின் தலையில் இருக்கிறது. நிறம் கொஞ்சம் மங்கியிருக்கிறது, போகவில்லை.

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொருவரும் மூன்று பொருள் கொண்டுவாருங்கள்: வீட்டில் இருக்கும் எந்தப் பின்னல் நூலிலும் விரல் நீள இழை, சேர்த்துவைத்த வெங்காயத் தோல், ஒரு பழைய கொப்பி. இழையை எல்லோரும் சேர்ந்து எரித்துப் பார்ப்போம். கொப்பியில் முதல் வரியை அன்றைக்கே எழுதுவோம்.